கசிந்த தண்ணீர் யாருடையது?

நீர்ப்பாசனப் பொறியியல் படிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல் 'டியூட்டி'. விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் பயிர்க்காலம் முழுக்க ஓடுகிற தண்ணீர் எத்தனை ஏக்கரைக் கரைசேர்க்கும் என்பதுதான் அதன் பொருள். 45 ஏக்கர் என்றால் அந்தத் தண்ணீரின் டியூட்டி 45. தண்ணீருக்கும் ஒரு கடமை உண்டு, அதை ஒழுங்காகச் செய்கிறதா என்று மேற்பார்ப்பது நம் வேலை என்கிற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கடமையைச் செய்யாமல் வழியிலேயே நழுவிவிடுகிற தண்ணீருக்கும் ஒரு பெயர் உண்டு: 'லாஸ்'. தமிழில் இழப்பு என்கிறோம், விரயம் என்கிறோம், நகைக்கடை பாஷையில் சேதாரம் என்றும் சொல்லலாம்.

எனக்கு இந்த இரண்டாவது சொல்லோடுதான் தகராறு. ஒன்றை இழப்பு என்று எழுதும்போது இழந்தவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பயிர் எவ்வளவு குடிக்கும் என்பது முதல் கேள்வி. வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பம் ஆகியவற்றை வைத்து, சீராக வளர்ந்த ஒரு புல்தரையிலிருந்து ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று கண்டுபிடிப்பார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட 56-ஆம் எண் கையேடுதான் உலகம் முழுக்க இதற்குக் கைவிளக்கு. அந்த எண்ணைப் பயிருக்குரிய கெழுவால் பெருக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு முளைக்கும்போது கெழு 0.3, கதிர் பிடிக்கும்போது 1.2. புல்தரையில் 6 மில்லிமீட்டர் போகிற ஒரு நாளில் கதிர்பிடிக்கும் மக்காச்சோளத்துக்கு 7.2 மில்லிமீட்டர் வேண்டும். ஏக்கருக்கு அது ஏறக்குறைய 29,000 லிட்டர். பெய்த மழையில் பயிருக்கு உதவுவதைக் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வழிச்செலவு. வட இந்தியாவின் மண் கால்வாய்களுக்குப் பாடப்புத்தகங்கள் வழக்கமாகத் தருகிற கணக்கு இது: முதன்மைக் கால்வாயிலும் கிளைகளிலும் 17 சதவீதம், பகிர்மான வாய்க்கால்களில் 8, வயல் வாய்க்கால்களில் 20. தலைமதகில் 100 விட்டால் வயலுக்கு வருவது 55. மீதி 45 'லாஸ்'. கால்வாய்த் தளத்தில் சிமெண்ட் பூசினால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்று அதே புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் சொல்லும்.

கணக்கு சரிதான். ஒரு எண்ணைக்கூட நான் மறுக்கவில்லை.

*

பனவடலிசத்திரத்தில் இவ்வளவு பெரிய கால்வாய்க்கெல்லாம் வேலை கிடையாது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிற ஊர். பாசனத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர் எங்களுக்கு எட்டாது. மழை, குளம், கிணறு, அவ்வளவுதான். ஆனால் சித்தப்பாவின் கிணற்றுக்கும் அவருடைய இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்துக்கும் நடுவில் இருநூற்றைம்பது மீட்டர் மண் வாய்க்கால் ஒன்று இருந்தது. அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

"ஏல, பாதித் தண்ணியக் காணல. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கிட்டே கெடக்கு, கடைசிப் பாத்திக்கு ஏற மாட்டேங்கு" என்றார் ஒருநாள். இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை வைத்து அளந்து பார்த்தோம். மோட்டார் குழாயடியில் டிரம் நிறைய 25 விநாடி ஆனது. வயல் மடையில் குழி தோண்டி டிரம்மை இறக்கி வைத்தால் 36 விநாடி. விநாடிக்கு 8 லிட்டர் புறப்பட்டு ஐந்தரை லிட்டர்தான் வந்து சேர்கிறது. முப்பது சதவீதம் வழியிலேயே போகிறது. இரண்டு மணி நேரத்தில் பாய வேண்டிய தண்ணீருக்கு மூன்று மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். குழாய் பதிப்பது என்று முடிவாயிற்று.

வாய்க்கால் போகிற வழியில் ஒன்றுவிட்ட பெரியம்மை ஒருத்தியின் அரை ஏக்கர் இருக்கிறது. கிணறு கிடையாது. வாய்க்கால் கரையில் ஊறுகிற ஈரத்தில் நாலு முருங்கை, கொஞ்சம் அகத்தி, எந்நேரமும் பச்சையாகப் புல். அந்தப் புல்லை நம்பி மூன்று ஆடுகள். பள்ளம் தோண்ட ஆள் வந்த அன்று அவள் வந்து நின்றாள்.

"கொழாயப் போட்டுட்டா எந்தாடு எதத்தான் திங்கும்?"

சித்தப்பா கெட்டவர் இல்லை. "மதினி, உங்களுக்குன்னு நடுவுல ஒரு வால்வு வச்சுத் தாரேன். வேணுங்கப்ப தொறந்துக்கோங்க, போதுமா?" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நேத்து வரைக்கும் நான் யார்ட்டயும் கேக்கல. இனிமே கேட்டுத் தொறக்கணும்லா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வால்வு வைத்தார்கள். சொல்லப்போனால் பழைய கசிவைவிடக் கூடுதலாகவே அவளால் எடுத்துக்கொள்ள முடியும். ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அளவு குறையவில்லை, உறவு மாறிவிட்டது. கசிவுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. வால்வுக்கு நிற்க வேண்டும். கோடையில் கிணறு இறங்கும்போது முதலில் மூடப்படுவது எது என்று அவளுக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்.

எங்கள் ஊர்ப் பெயரின் பின்பாதியில் ஒரு சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்களுக்காகக் கட்டப்பட்டவை சத்திரங்கள். அங்கே தங்குகிறவன் தனக்கு ஏன் இடம் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. கட்டியவருக்கு வருகிறவரின் முகம் தெரியாது, வருகிறவருக்கும் கட்டியவரின் முகம் தெரியாது. வாங்குகிறவன் தலைகுனியாமல் வாங்குவதற்கு வசதி செய்த ஏற்பாடு அது. மண் வாய்க்கால் அப்படித் திட்டமிட்டுக் கட்டப்பட்டதல்ல, உண்மைதான். தற்செயலாக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

*

இதே வழக்கு இரண்டு லட்சம் ஏக்கர் அளவில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஈரோட்டுப் பக்கம் போக வேண்டும்.

1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து புறப்படுவது கீழ்பவானிக் கால்வாய். 200 கிலோமீட்டர் நீளம், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். மேட்டை ஒட்டியே வளைந்து வளைந்து போகிற மண் கால்வாய். ஆகவே கசிகிற தண்ணீர் கீழே பள்ளத்து நிலங்களுக்கு இறங்குகிறது. அத்தனை ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் இல்லாததால் ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்று பாதிப்பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆகஸ்டு நடுவிலிருந்து நான்கு மாதம் நன்செய்க்கு 24 டி.எம்.சி., மறுபாதிக்கு அதன்பின் புன்செய்க்கு 12 டி.எம்.சி. மறு வருஷம் முறை மாறும்.

விநாடிக்கு 2,300 கனஅடி வீதம் 120 நாள் திறந்தால் 24 டி.எம்.சி. நேராகிறது. அதை 1.03 லட்சம் ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு ஐந்தேகால் அடி உயரத் தண்ணீர். டியூட்டி 45. இதெல்லாம் தலைமதகில் போடுகிற கணக்கு. கடைமடையில் கேட்டுப் பாருங்கள், வேறு கணக்கு சொல்வார்கள்.

வழியில் போவது எங்கே போகிறது? தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 200 கிலோமீட்டருக்கும் சராசரி அகலம் 30 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 36,000 கனமீட்டர். கால்வாய்க்குள் வருவதோ நாளொன்றுக்கு 56 லட்சம் கனமீட்டருக்கு மேல். ஆக, வானத்துக்குப் போவது ஒரு சதவீதம்கூட இல்லை. 'லாஸ்' என்று எழுதுவதில் மிச்சம் ஏறக்குறைய எல்லாமே மண்ணுக்குள் போகிறது. மண்ணுக்குள் போன தண்ணீர் அங்கேயே இருப்பதில்லை. கிணற்றில் ஏறுகிறது, ஓடையில் கசிகிறது, குளத்தில் தேங்குகிறது. பாசன ஆயக்கட்டில் பெயர் இல்லாத ஊர்கள் அதை நம்பித் தென்னை வைத்திருக்கின்றன, மஞ்சள் போட்டிருக்கின்றன, குடித்துக்கொண்டும் இருக்கின்றன.

2020-இல் தமிழக அரசு சுமார் 709 கோடி ரூபாயில் இந்தக் கால்வாயைச் சீரமைக்கவும் கான்கிரீட் தளம் போடவும் உத்தரவிட்டது. விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு, கான்கிரீட் வந்தால் கிணறுகள் வற்றும் என்றது. இன்னொரு தரப்பு, கால்வாய் வெட்டி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கடைமடைக்கு உரிய தண்ணீர் வரவில்லை, வேலையை முடியுங்கள் என்றது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது, 2023-இல் எதிர்ப்பாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இரண்டு பக்கமும் விவசாயிகள்தான். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு, யார் நல்லவர் என்று உடனே சொல்லிவிட வசதியான வில்லன் அங்கே யாரும் இல்லை.

*

சட்டத்தைக் கேட்டால் பதில் சுருக்கமாக வரும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நெடுங்காலம் அனுபவித்ததால் உரிமையாகிவிடும் என்கிற விதிக்கு அதன் 17-ஆம் பிரிவு சில விலக்குகளை வைக்கிறது. குறிப்பிட்ட பாதையில் ஓடாத நிலத்தடி நீர் அவற்றில் ஒன்று. நீங்கள் மூன்று தலைமுறையாக அந்தக் கிணற்றில் இறைத்திருக்கலாம். கசிந்து வந்த தண்ணீர் தொடர்ந்து கசிய வேண்டும் என்று கேட்க அதனால் உரிமை பிறக்காது.

நாடுகளுக்கு நடுவிலும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓடுகிற ஆல் அமெரிக்கன் கால்வாய் 1930-களில் வெட்டப்பட்டது. அதன் கசிவு எல்லையைத் தாண்டி மெக்சிகாலிப் பள்ளத்தாக்கின் கிணறுகளுக்குப் போனது. அங்குள்ள விவசாயிகள் அதை வைத்துப் பயிர் செய்தார்கள். கால்வாயில் 23 மைல் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டி வருஷத்துக்கு 67,700 ஏக்கர் அடி, கிட்டத்தட்ட 3 டி.எம்.சி., தண்ணீரை மிச்சப்படுத்தி நகரங்களுக்குத் தருவது என்று அமெரிக்கா முடிவெடுத்தது. 2005-இல் மெக்சிகாலி தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2006 டிசம்பரில், வேலையைத் தாமதமின்றித் தொடங்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. மெக்சிகோவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று 1944 ஒப்பந்தம் வரையறுத்திருந்தது. கசிவு அந்தக் கணக்கில் இல்லை.

காகிதத்தில் இல்லாதது உரிமை இல்லை. சட்டம் வேறு மாதிரிப் பேச முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் அறம் அதோடு முடிந்துவிடுமா? ஒருவர் செய்கிற காரியத்தை நம்பி இன்னொருவர் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்வதை எழுபது வருஷம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் உனக்கு வாக்குக் கொடுக்கவில்லையே" என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். நியாயமா என்பது வேறு கேள்வி.

*

மறுபக்கத்தையும் முழுசாகச் சொல்லியாக வேண்டும். கசிவை ஏழையின் சத்திரம் என்று மட்டும் பார்ப்பது ஒரு ரொமான்டிக் பார்வை. பெரியம்மைக்குக் கிடைத்தது புல். அதே கசிவைப் பக்கத்து நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர் இலவச மின்சாரத்தில் உறிஞ்சலாம். மோட்டார் வாங்க வசதி உள்ளவருக்கே கசிவு பெருமளவு போகிறது. நிலமே இல்லாத கூலிக்காரருக்கு அதில் நேரடியாக எதுவும் இல்லை. கேட்காமல் கிடைப்பது எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

கடைமடைக்காரர் கையில் இருப்பதோ ஒரு வாக்குறுதி. அவர் நிலம் ஆயக்கட்டுப் பதிவேட்டில் இருக்கிறது. அவர் வாய்க்காலைத் தூர்வாரியிருக்கிறார், முறை வரும் என்று நாற்றங்கால் போட்டு ஏமாந்திருக்கிறார். பரிதாபத்தில் யார் பெரியவர் என்று போட்டி வைத்தால் அவரும் சளைத்தவரில்லை. தண்ணீர் வராத மடையில் பிறந்தது அவர் செய்த குற்றமும் இல்லை.

ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதிய நீதிக் கோட்பாட்டில் ஒரு சோதனை வைக்கிறார்: சமூகத்தில் உனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாத நிலையில் நின்று விதியைத் தேர்ந்தெடு. நான் இதைக் கால்வாய்க் கரையில் வைத்துப் பார்த்தேன். நாளைக் காலையில் நான் தலைமடையில் விழிப்பேனா, கடைமடையிலா, கால்வாய்க்குக் கீழே கிணற்றை நம்பிய ஊரிலா, ஆடு மேய்க்கிறவளாகவா என்று தெரியாது. அப்போது எந்த விதியைக் கேட்பேன்? 'எப்போதும் கசியட்டும்' என்று கேட்க மாட்டேன், கடைமடையில் விழித்தால் செத்தேன். 'ஒரு சொட்டும் கசியக் கூடாது' என்றும் கேட்க மாட்டேன். நான் கேட்பது இதுதான்: எதைச் செய்தாலும் செய்வதற்கு முன் என்னை எண்ணிக்கொள். மாற்று ஏற்பாடு தருவதென்றால் அதை என் பெயரில் எழுதிக் கொடு, உன் தயவில் விட்டுவிடாதே.

சித்தப்பாவின் வால்வில் குறைந்தது அதுதான். அவர் தண்ணீர் கொடுத்தார், உரிமை கொடுக்கவில்லை. பெரிய கால்வாய்களிலும் இப்படியே நடக்கலாம். கசிவை அடைத்துவிட்டு, "வற்றினால் சொல்லுங்கள், குளத்துக்குத் தண்ணீர் விடுகிறோம்" என்று ஒரு வாய்வார்த்தை. மண் தானாகச் செய்துகொண்டிருந்ததை இனி ஒரு அதிகாரி மனசு வைத்துச் செய்ய வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்க வேண்டும். இழப்பைத் தடுத்தபோது நாம் உண்மையில் உற்பத்தி செய்தது அந்த வரிசையைத்தான்.

*

"சேமித்த தண்ணீர் எல்லாருக்கும்தானே பயன்படும்?" என்று கேட்கலாம். இதற்கு 1996-இல் கொழும்பிலுள்ள சர்வதேச நீர்ப்பாசன மேலாண்மை நிறுவனத்திலிருந்து டேவிட் செக்லர் ஒரு நல்ல பதில் எழுதினார். சேமிப்பில் ஈரமானதும் உண்டு, வறண்டதும் உண்டு என்றார் அவர். கடலுக்கோ உப்பு நிலத்துக்கோ போய் வீணாகவிருந்ததைத் தடுத்தால் அது ஈரமான சேமிப்பு. கீழே இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்ததைத் தடுத்தால் அது காகிதத்தில் மட்டும் சேமிப்பு. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுவிட்டு லாபம் என்று எழுதுவது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிணற்றுப் பாசனத்தில் இதற்கு இன்னொரு முகம். தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், அதே தண்ணீரில் விளைச்சல் கூடும். ஆனால் மிச்சமான தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டு வைப்பவர் அபூர்வம். மிச்சமான ஒரு மணி நேரத்தில் சித்தப்பா அரை ஏக்கர் பிச்சிப்பூ போட்டார். முன்பு வாய்க்காலில் கசிந்ததில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் பூவாகிச் சங்கரன்கோவில் சந்தைக்குப் போகிறது. பாசனத் திறன் கூடக்கூட ஆற்றிலும் நிலத்தடியிலும் தண்ணீர் மிஞ்சுவதற்குப் பதில் குறைவதே பல இடங்களில் நடக்கிறது என்று 2018-இல் சயன்ஸ் இதழில் க்வென்டின் கிராஃப்டனும் உடனாய்வாளர்களும் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிச்சிதான் நினைவுக்கு வந்தது. சித்தப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. மக்காச்சோளத்தைவிடப் பூவுக்குக் காசு அதிகம், அவருக்கும் கடன் இருக்கிறது.

ஆகவே கான்கிரீட் வேண்டாம், குழாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடைகிற கரையைக் கட்டித்தான் ஆக வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் போய்த்தான் ஆக வேண்டும். நான் கேட்பது அந்த மதிப்பீட்டுத் தாளில் கூடுதலாக இரண்டு கட்டங்கள். 'இழப்பு: 17 சதவீதம்' என்கிற வரிக்குப் பக்கத்தில் 'போய்ச் சேரும் இடம்' என்று ஒன்று. கீழே எத்தனை கிணறு, எந்தெந்த ஓடை, எத்தனை குடும்பம், அதில் மோட்டார் இருப்பவர் யார், புல் அறுப்பவர் யார். இரண்டாவது கட்டத்தில், அவர்களில் யாருக்கு என்ன மாற்று, அதை மறுக்க முடியாதபடி எந்த ஆவணத்தில் எழுதியிருக்கிறது என்று. இதை நிரப்ப ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு கோடையில் கால்வாயை ஒட்டி நடந்துபோய்க் கிணறுகளை எண்ணி, ஆட்களிடம் கேட்டு எழுதினால் போதும்.

அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பிய பிறகும் சிலருக்கு நஷ்டம் இருக்கும். எல்லாருக்கும் ஐந்தேகால் அடி தண்ணீர் கொடுக்க எந்த அணையாலும் முடியாது. ஆனால் நஷ்டப்படப் போகிறவர்களின் பெயர் அந்தத் தாளில் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் பெயர்களை வாசித்துவிட்டுப் போட வேண்டியிருக்கும்.